உப்பில்லாக் கஞ்சி

என் ஓரகத்தியும் நானும் ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு வைத்துப் பிழைத்தவர்கள். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம், கரிசல் காடு. நான் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலை அவளுடைய எருமை மிதித்துத் துவைத்ததில் எங்களுக்குள் பேச்சு நின்றது. எருமைக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். கட்டிப்போட வேண்டியவளுக்குத் தெரிய வேண்டாமா என்று நான் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மறைப்பானேன். அதற்குப் பிறகு அவள் கோழியைப் பார்த்துப் பேசுவாள், நான் உரலைப் பார்த்துப் பேசுவேன். சேதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும்.

அப்படி இருக்கையில் ஒருநாள் பருத்திக் காட்டில் அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஆண்கள் இரண்டு பேரும் விருதுநகருக்குப் பருத்தி ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேறு ஆள் இல்லாமல் நான்தான் அவளைச் சிவகாசிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் நான் இந்த ஜன்னலைப் பார்த்தேன், அவள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் அவள் கையில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தார். அவள் வாயைத் திறக்காததால் என்னிடம்தான் சொன்னார். ரத்தக்கொதிப்பு ரொம்ப இருக்கிறது, தினமும் மாத்திரை போட வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறதென்று நிறுத்தக் கூடாது. சோற்றில் உப்பு ஆகாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் பக்கமே போகக் கூடாது.

ஊருக்குள் இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. "கொதிப்பு இந்த வாயாடிக்குல்ல வரணும், அந்தப் பாவத்துக்கு எப்படி வந்துச்சு?" என்று என் காதுபடவே சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

ஐம்பத்தேழாம் வருஷம் கோடையில் ஊர் ஊராகப் பரவிய அந்தக் காய்ச்சல் வந்தது. மெட்ராஸில் கப்பலில் வந்து இறங்கியது என்றார்கள். எங்கள் ஊருக்கு அது தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த பெண்களோடு வந்தது. ஒரு வீட்டில் இருமல் கேட்டால் மறுநாள் அடுத்த வீட்டில் கேட்கும். என் கணவர் படுத்தார், அவர் அண்ணன் படுத்தார், நானும் படுத்து எழுந்தேன். வைரஸ், கிருமி என்ற பேச்செல்லாம் எங்களுக்குத் தெரியாது. விஷக்காய்ச்சல் என்போம், கஞ்சி குடிப்போம், எழுந்துவிடுவோம்.

ஓரகத்திக்கு மட்டும் அது அப்படிப் போகவில்லை. காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு பருத்தி மூட்டையைச் சுவரோடு சாய்த்து, அதில் அவளை உட்கார வைத்தோம். என் கணவர் வண்டி பூட்டிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் ஊசி போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மத்தவங்களுக்கு வந்த அதே காய்ச்சல்தான்மா. ஆனா கொதிப்புல இவங்க நெஞ்சு ஏற்கெனவே பாரம் இழுக்கிற மாடு. காய்ச்சல் அது மேல இன்னொரு மூட்டையை ஏத்தியிருக்கு. கொதிப்பு மாத்திரையை நிறுத்திடாதீங்க. உப்பு ஒரு கல்லுகூட வேண்டாம். ஆஸ்பத்திரி வராண்டாவுல எல்லாம் காய்ச்சக்காரங்கதான் படுத்திருக்காங்க. இந்த மூச்சோட வண்டியில வச்சுக் குலுக்கினா தாங்க மாட்டாங்க. இங்கேயே வச்சுப் பாருங்க."

பிழைப்பாளா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவளோடு பேசாமல் இருக்கலாம், அவள் இல்லாத முற்றத்தில் நான் என்ன செய்வேன்?

எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கசந்துபோன நாக்குக்கு உணக்கையாக, ருசி தட்டும்படி இருக்கட்டும் என்று உப்பு நார்த்தங்காய் கொண்டுவருவார்கள். ஒருத்தி நார்த்தங்காய் கொண்டுவந்தால் இன்னொருத்தி மோர்மிளகாய், அடுத்தவள் சுட்ட கருவாடு. வந்ததையெல்லாம் வாசலிலேயே வாங்கி என் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். கஞ்சியை உப்பில்லாமல் காய்ச்சி, வெந்த பூண்டை நசுக்கிப் போட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் உரலைப் பார்த்துச் சொன்னேன், டாக்டர் சொன்னதைத்தான் செய்கிறேன் என்று. உரலுக்குக் கேட்டதோ என்னவோ.

உப்பில்லாமல் சோறு போடுவது எங்கள் ஊரில் நாய்க்குக்கூடச் செய்யாத காரியம். தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. "மிளகாய் வத்தலுக்குப் பழி வாங்குறா. வந்த நார்த்தங்காயைப் பூராம் அவ வீட்டுல அடுக்கி வச்சிருக்கா" என்றார்கள். அலமாரியை நானே திறந்து பார்த்தேன், ஊறுகாய்க் கடை மாதிரிதான் இருந்தது. சாட்சி எனக்கு எதிராகப் பலமாக இருந்தது. உப்பு கெடுதல் என்று யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். காய்ச்சலில் இருந்து எழுந்த அவள் புருஷனோ, டாக்டர் சொல்வதும் சரிதான், ஊர் சொல்வதும் சரிதான் என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

பேச்சு அவளுடைய பிறந்த ஊருக்கும் போய்விட்டது. ஒரு மத்தியானம் வைக்கோல் பரப்பிய வண்டியோடு அவள் அம்மா வந்து இறங்கினார். மகளைப் பார்த்தார். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கஞ்சிக் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லாருப்பியா? சீக்குல கிடக்குறவளுக்கு இதையா ஊத்துத? வாத்தா, நம்ம வீட்டுக்குப் போவோம். அங்கன வந்து நாலு வாய் நல்ல கஞ்சி குடிச்சா எந்திரிச்சிருவ."

"பெரியம்மா, வண்டியில ஏத்தாதீக. தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றேன்.

"ஒனக்கு எம்மக செத்தாத் தேவல" என்றார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "கூட்டிட்டுப் போங்க. உங்க மக, உங்க வண்டி. பாதி வழியில மூச்சு நின்னுச்சுன்னா என்கிட்ட மட்டும் வந்து சொல்லாதீக, என்னால கேக்க முடியாது" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. அழுததற்காக இன்னும் கோபம் வந்தது.

அவள் புருஷன் அவளைத் தூக்குவதற்குக் குனிந்தார். அவள் அவர் கையைத் தள்ளினாள்.

"அம்மா" என்றாள். மூச்சு வாங்கினாள். "எனக்கு ஆகாதவளா இருந்தா உப்ப அள்ளிப் போட்டு நல்ல பேரு வாங்கியிருப்பா." மறுபடி மூச்சு வாங்கினாள். "இம்புட்டுப் பேரு ஏசியும் போடலம்மா. நான் இவகிட்டயே இருக்கேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். கோழியையோ சுவரையோ பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அழுவாதடி. அந்த மாத்திரையக் குடு."

மாத்திரையை எடுத்தேன். அவசரத்தில் தண்ணீர் பாதி அவள் சேலையில் கொட்டியது. அவள் அம்மா கொஞ்ச நேரம் வண்டிக்கும் மகளுக்கும் நடுவில் நின்றார். அப்புறம் மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, அதே கஞ்சியை மகளுக்குத் தானே ஊட்டினார். பூண்டு இன்னும் ரெண்டு பல் போடலாம் என்று மட்டும் சொன்னார். போட்டேன்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கியபோது அவளுக்கு மூச்சு சீரானது. படுத்துத் தூங்க முடிந்தது. டாக்டர் வந்து பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்கியிருக்கிறது, ஆபத்து தாண்டிவிட்டது என்றார். அன்றைக்கு அவள் அம்மா ஊருக்குக் கிளம்பினார். வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. "இவளுக்கு நாக்கு நீளம், கண்ட கண்டதத் தின்னுப்புடுவா. நீ பாத்துக்கிடுவேல்ல?" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து அவள், "ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறீக?" என்று சத்தம் போட்டாள். ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல், முழுசாகக் கேட்டாள்.