பந்தலில் படுக்க மறுத்த கம்பி

எஃகுக் கம்பியைச் சூடேற்றாமல் சிறு துளையின் வழியே இழுத்து மெல்லிதாக்கும்போது, அந்த இழுப்பு முழுவதும் நீங்கிவிடுவதில்லை. சிறிது அதன் உடலிலேயே தங்கும். மேற்புறம் சுருங்கத் துடிக்கும். உட்புறம் விரியத் துடிக்கும். இரண்டும் சமமாக ஒன்றையொன்று பிடித்திருக்கும்வரை கம்பி அமைதியாகக் கிடக்கும். பாப்பாரப்பட்டிச் சாலையிலுள்ள எங்கள் பட்டறையில், நூல்களைப் படித்தும் விரல்களைக் கிழித்துக்கொண்டும் நான் கற்ற பாடம் இது.

சென்ற ஆடியில், எங்களிடம் பீர்க்கங்காய்ப் பந்தலுக்குக் கம்பி வாங்கிய இண்டூர்ப் பெண்மணி கைபேசியில் அழைத்தார்.

"ஏங்க, கம்பி குடுத்தீங்களா, பாம்பு குடுத்தீங்களா? அவுத்து உட்டா எம்பிக் குதிக்குது. கல்லுக்காலு நட்டாச்சு, கொடி தரையில படருது. மழ வந்தா பிஞ்செல்லாம் அழுவிரும்!"

மிச்சமிருந்த அதே சுருளில் ஒரு துண்டை வெட்டித் தரையில் போட்டேன். அது வளைந்து ஒரு முனையைத் தூக்கிக்கொண்டது. துளைக்குள் கம்பி சாய்வாக நுழைந்தால் ஒரு பக்கம் மிகுதியாக இழுபட்டு இப்படித் திருகிக்கொள்ளும். இயந்திரத்தைப் பார்த்தேன். சுருளை மாட்டும் தாங்கி இடம் விலகி நின்றது.

"இத யாரு நவுத்துனது?"

"நாந்தான்," என்றார் என் மனைவி, சற்றும் கலங்காமல். "பின்னால கோழி அடையில உக்காந்திருக்குது. இது சுத்துற சத்தத்துக்கு முட்டைய உட்டுட்டு எந்திரிச்சு ஓடுது."

"கோழிய நவுத்துறது?"

"எடம் மாத்துனா அட கலஞ்சிரும். கம்பிக்கும் ரோசம் வரும்னு எனக்கென்ன தெரியும்?"

கம்பியை நேராக்க, மேலும் கீழும் மாறிமாறி உருளைகள் பொருத்திய பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் இண்டூருக்கு விரைந்தோம். அங்கே பெண்மணியின் கணவர் கம்பிச்சுருளின்மேல் காய்ந்த ஓலைகளைக் குவித்துத் தீப்பெட்டியுடன் நின்றார்.

"காச்சிட்டா அடங்கிரும்ல?"

"அடங்கும்ங்க. அப்புறம் கம்பி எளகிப்போயி காய் பாரத்துக்குத் தொங்கிரும். கொஞ்சம் பொறுங்க!"

பலகையைக் கல்தூணில் கட்டி, கம்பியை உருளைகளுக்கிடையே செலுத்தி அவர்களுடைய டிராக்டரால் இழுத்தோம். இருபுறமும் வளைபட்டு வந்தால் உள்ளிருக்கும் ஏறுமாறு தணியும் என்பது என் கணக்கு. வெளிவந்த கம்பியோ எதிர்ப்பக்கம் வளைந்தது.

"கோவம் தீரலீங்க, தெச மாறியிருக்குது," என்றார் பெண்மணி. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசி உருளையைச் சற்றே தளர்த்தினேன். அடுத்து வந்த கம்பி மண்ணில் நேராகப் படுத்தது. மேற்கே கருமேகம் திரள்வதற்குள் தூண்களுக்கிடையே அனைத்தையும் கட்டி முடித்தோம்.

பெண்மணிக்கு இன்னும் ஐயம் தீரவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, கம்பியை இரு கைகளாலும் பற்றிக் கால்களைத் தூக்கித் தொங்கினார். கம்பி ஒரு முறை அதிர்ந்து நின்றது.

"என்னையே தாங்குது. பிஞ்சத் தாங்காதா?" என்றவர், கீழே இறங்கி, தரையில் கிடந்த முதற்கொடியை மண் தட்டி மேலேற்றினார்.