தீப்பெட்டிக்குள் ஒரு பெயர்

பூச்சி பொட்டுக்கெல்லாம் பெயர் சொல்லும் பிள்ளை பெற்றவளை மட்டும் கூப்பிடாவிட்டால், அது பேசும் பிள்ளையா, பேசாத பிள்ளையா? மருந்தக்காவை வருஷக்கணக்காக அரித்த கேள்வி இது.

வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்து அடிப்பது அவள் பிழைப்பு. ஒருமுறை, மணலில் குழி பறிக்கும் பூச்சி ஒன்று செத்துக் கிடந்ததைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து மகளிடம் காட்டி, "குழியானை" என்றாள். அதுவரை வாய் திறக்காத மகள் "குழியானை" என்றாள். மறுநாள் அதையே காட்டினால் மகளிடம் மூச்சில்லை. ஒரு பெயருக்கு ஒரே தடவைதான்.

வேறொரு வீட்டில் அதைக் குழிநரி என்றார்கள். மகள் அதையும் சொன்னாள். அன்றிலிருந்து, "உங்க பக்கம் இதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்காமல் மருந்தக்கா எந்த வீட்டிலும் மருந்துக் குழாயைத் திறந்ததில்லை. கும்பிடுபூச்சி, பிள்ளைப்பூச்சி, நட்டுவாக்காலி எல்லாம் சொல்லித் தீர்ந்தன. தானே ஒரு பெயரைக் கட்டிச் சொல்லிப் பார்த்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு பள்ளிகள் கைவிரித்துவிட்டன. மூன்றாவது பள்ளியின் தலைமையாசிரியை, "எங்க முன்னாடி ஒரு வார்த்தை பேசட்டும், சேர்த்துக்கறேன்" என்றார்.

"பிள்ளைப்பூச்சிய மடியில கட்டிக்கிட்டு எத்தனை பள்ளிக்கூடம்தான் ஏறுவீங்க அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நீ வாய மூடு. பேசறவங்க பேசினது போதும்."

மகள் இன்னும் சொல்லாத ஒரு பெயரைத் தேடி, பேய் பிடித்தவள் போல மருந்தக்கா தெருத்தெருவாக அலைந்தாள். மழை விட்ட ஒரு தோட்டத்தில் பட்டுத்துணி போலச் சிவப்பாக ஒன்று ஊர்ந்தது. பட்டுப்பூச்சி. மகள் என்றோ சொல்லி முடித்த பெயர்.

"நாங்க தம்பலப்பூச்சின்னுதான் சொல்வோம்" என்றார் அந்த வீட்டில் குடியிருந்தவர்.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அதை உயிரோடு பெட்டியில் எடுத்துக்கொண்டாள். பெயரை மட்டும் மகள் காதில் படாமல் நாக்குக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

பள்ளியில் தலைமையாசிரியை குனிந்து, "ஏதாவது சொல்லு கண்ணு. உனக்குப் பிடிச்சது எதுவானாலும் சரி" என்றார்.

மகள் அம்மாவின் பையையே பார்த்தாள். மருந்தக்காவின் விரல்கள் பைக்குள் பெட்டியைப் பிடித்திருந்தன. உள்ளே அது அசைந்தது. இங்கே சொல்லிவிட்டால் இந்தப் பெயரும் தீர்ந்துபோகும்.

"இவ பேசமாட்டா, மேடம்" என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பெட்டி கையிலதானே இருந்தது அண்ணி, ஏன் திறக்கல?" என்று நாத்தனார் பல நாள் கேட்டுப் பார்த்தாள். மருந்தக்கா மருந்தடிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, முதுகில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.