பொட்டு வைத்த சுவர்

என் மனைவி ரெஜினாவுக்கு வேலை, படங்களை ஒட்டுவது. இப்படிச் சொன்னால் திருக்கழுக்குன்றத்தில் என் சொந்தக்காரர்கள் போஸ்டர் ஒட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கல்யாண மண்டபத்தில் பெரிய சுவர் முழுக்கப் படம் காட்ட மூன்று புரொஜெக்டர் வேண்டும். மூன்றும் சேரும் இடம் கோணல்மாணலாக வரும். அதனால் முதலில் சுவரில் வெளிச்சத்தாலேயே கறுப்புப் புள்ளிகளைக் காட்டுவார்கள். எதிரே நிற்கும் கேமரா அவற்றைப் பார்க்கும். எந்தப் புள்ளி எங்கே விழுந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, மூன்றையும் வளைத்து நெளித்து ஒட்டி ஒரே படமாக்கிவிடும்.

இதில் இத்தனை வருஷமும் அவளுக்குக் கிடைத்தது கேபிள் இழுக்கும் வேலைதான். முதலாளி மோகனுக்கு இப்போதுதான் மனசு வந்து, மாமல்லபுரம் பக்கத்தில் நீலமேகம் கட்டிய புது மண்டபத்தைத் தனியாகச் செய்யச் சொன்னார். கூடவே, "ஜனம் வர்றதுக்குள்ள படம் சேரலன்னா, எப்பவும் ஷோ ஓட்டுற செல்வராஜ அனுப்பிடுவேன். நீ பழையபடி கேபிளுக்குப் போ" என்றும் சொல்லிவிட்டார். நான் அதே கம்பெனியில் வேன் டிரைவர். வாயை மூடிக்கொண்டு பெட்டிகளை ஏற்றினேன்.

காலையிலிருந்து படம் சேரவே இல்லை. சுவரில் கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு மூக்கு தெரிந்தது. ரெஜினா ஸ்டாண்டை இறுக்கினாள், கேபிளை மாற்றினாள், கடல் பக்கத்துத் திரைகளை இழுத்து மூடினாள். ஒவ்வொரு முறையும் புள்ளிகள் பொருந்தவில்லை என்றே கம்ப்யூட்டர் சொன்னது.

"கொஞ்சம் டீ குடிச்சிட்டு வா."

"யோவ், டீ குடிச்சா மூக்கு ஒண்ணாயிடுமா?"

கடைசியில் கேமரா எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் போடாத புள்ளிகளும் அதில் இருந்தன. சுவருக்குப் பக்கத்தில் போனோம். நீலமேகத்தின் அக்கா சம்பூர்ணம் மண்டபம் திறந்த அன்று சுவர் நெடுகிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் புதுசு என்றால் ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு உண்டு. என் வேனிலும் இருக்கிறது. பார்த்துப் பழகி யார் கண்ணிலும் அது படுவதில்லை. நிறம் தெரியாத அந்தக் கேமராவுக்கோ அதுவும் ஒரு கறுப்புப் புள்ளி.

"அண்ணா, இத மட்டும் தொடச்சிக்கிறேன்" என்றாள் ரெஜினா, அக்காவோடு அங்கே நின்றிருந்த நீலமேகத்திடம்.

நீலமேகத்துக்கு முகம் மாறிவிட்டது. "கல்யாணத்தன்னிக்குப் பொட்ட அழிக்கிறதா? இன்னா பேச்சும்மா இது?"

"சர்ச்சுக்குப் போறவளுக்கு இன்னா தெரியும்" என்றார் சம்பூர்ணம், எங்கள் காதுபடவே.

கல்யாண வீட்டில் பொட்டை அழித்தால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவேண்டியிருந்ததே என்றுதான் ரெஜினாவுக்குக் கண் கலங்கியது. போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

கேமரா எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு புள்ளிகளே இல்லாமல், சுவர் முழுக்க வெறும் வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சி ஒரு படம் எடுத்தாள். அதில் பொட்டுகள் மட்டும் இருந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு, மறுபடி புள்ளிகளைக் காட்டினாள். இந்த முறை பெண்ணுக்கு ஒரே மூக்கு.

"பாத்தியா, எல்லாம் பொட்டு மகிமை" என்றார் நீலமேகம்.

அந்த நேரம் பார்த்து மோகன் போன் செய்தார்.

"சேந்துடுச்சா? நல்லதாப் போச்சு. செல்வராஜ் கெளம்பி வந்துகினு கீறான். ஷோவ அவன் ஓட்டட்டும், நீ கூடமாட இரு."

வாசலில் ஜனம் வர ஆரம்பித்திருந்தது. ரெஜினா நாற்காலியை மேசைப் பக்கம் இன்னும் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"வரட்டும் சார். கேபிள் சுத்த ஆள் வேணும்."