கலையாத சாம்பல் குறி

நேற்று மருமகள் அரிசி டப்பாவின் பொத்தானை அழுத்தினாள். அரிசி விழவில்லை. மூடியைத் திறந்தால் மட்டம் வைத்தாற்போல் நிறைய இருந்தது. கையை உள்ளே விடப் போனாள். "விடாத" என்று கத்திவிட்டேன். பத்துக் கிலோ டப்பா யாரை விழுங்கிவிடும்? ஆனால் அதிலிருந்து வந்த புழுங்கின வாடை என்னைக் கோவில்பட்டிக் கமிஷன் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் அங்கே சோளம் சலித்தேன். இரண்டு ஆள் உயரச் சிமெண்டுத் தொட்டி. மேலே கொட்டுவோம், அடியில் தகரக் கதவைத் தூக்கினால் சோளம் சரசரவென்று சாக்கில் இறங்கும். தொட்டி நிறைந்ததும் முதலாளியின் மனைவி சோளத்தின் மேல் சாம்பலால் குறி போடுவார். யாராவது அள்ளினால் கலைந்துவிடும், அதற்காக.

அந்த வருஷம் கடைசியாக வந்தது தூறலில் நனைந்த சோளம். கடித்தால் டக்கென்று உடையாமல் பல்லில் நசுங்கியது. தூசியும் உமிச் சொங்கும் வேறு. காயப்போடணும் என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எதிரே வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான். சலித்தும் சலிக்காமலும் கொட்டிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில், அடியில் மூட்டை மூட்டையாகப் பிடித்தோம். திடீரென்று சோளம் இறங்கும் சத்தம் நின்றது. முதலாளியின் மனைவி ஏணியில் ஏறிப் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன வாங்க. குறி கலையவே இல்ல."

ஏறி, சுவர் விளிம்பில் நின்று பார்த்தோம். அவ்வளவு சோளம் போயும் மட்டம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. சாம்பல் போட்டபடியே இருந்தது.

"அம்மன் வந்திருக்கா" என்று அவர் சூடம் கொண்டுவரச் சொன்னார்.

கூடச் சலிக்கும் சீனியம்மா என் காதில், "எங்க வீட்டுக் கம்புப் பானைக்குள்ள மட்டும் வரமாட்டேங்கா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கொட்டிய ஈரச் சோளம் சொங்கோடு இறுகிக் கூரையாக நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் இருட்டு. அவரோ சூடத்தட்டோடு அதன்மேல் காலை வைக்கப் போனார்.

"அக்கா... உள்ள பொள்ளலா இருக்கு."

"என்னட்டி முனங்குத?"

அதற்குமேல் குரல் எழும்பவில்லை. கையிலிருந்த, தூசி புடைக்கும் சொளவை அவர் காலுக்கு முன்னால் ஓங்கி எறிந்தேன்.

குறி கலையாமல், முழுசாகக் கீழே போனது. யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். புழுங்கின வாடை முகத்தில் அடித்தது. சொளவைச் சோளம் மூடிக்கொண்டது.

அவர் தூக்கிய காலைக் கீழே வைக்க வெகுநேரம் ஆயிற்று. "யாருட்டி இதச் சலிச்சது?"

"நாந்தான்க்கா."

என்னைத் திட்டவில்லை. அப்புறம் அவர் எந்தத் தொட்டியிலும் குறி போடவும் இல்லை.

தொட்டி நின்ற இடத்தில் இப்போது பைக் விற்கிறார்கள். சாம்பல் குறி என்றால் மருமகளுக்கு விளங்கவில்லை. டப்பாவை ஓங்கித் தட்டினேன். அரிசி மெல்லப் பெருமூச்சு விட்டு உள்ளே இறங்கியது.

"இதுக்குப் போயி இந்தக் கத்தா அத்தை?" என்றாள்.

அன்றைக்கு வராத குரல் அது. இத்தனை வருஷம் எங்கே அடைத்துக் கிடந்ததோ.