தகர டின்னில் கேட்ட அம்மாவின் குரல்

எங்கள் அம்மா ஏரியூர்ப் பக்கம் பிறந்து, பாப்பாரப்பட்டி அருகே அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மானாவாரிக் காடு, மழை பொய்த்த வருடங்கள், பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அத்தனையையும் அம்மா தன் குரலாலேயே கட்டி மேய்த்தார். கம்பு கதிர் பிடித்துவிட்டால் பரண்மேல் நின்று அவர் போடும் சத்தத்தில் கிளிக்கூட்டம் அடுத்த ஊர்க் காட்டில்தான் போய் இறங்கும். "உங்கம்மா இருக்கையில தகர டின்னு எதுக்கு கண்ணு?" என்று அப்பா சிரிப்பார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது; குரல் போய்விட்டது. அதன்பின் அம்மா வாசல் பக்கமே வரவில்லை. யாராவது நலம் விசாரித்தால் பதில் சொல்ல முடியாதே என்று புழக்கடையிலேயே அடைந்து கிடந்தார்.

சென்ற மார்கழியில், பனி கொட்டிய ஒரு காலை. துணைக்கு வந்திருந்த நான் அம்மாவைத் தேடிக் கொல்லைக்குப் போனேன். கொய்யாமரக் கிளைகளில் கம்பங்கதிர்களைக் கட்டித் தொங்கவிட்டு, போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். குளிருக்கு உப்பிப்போன சிட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் கொத்திக்கொண்டிருந்தன.

"ஏம்மா, ஆயுசுக்கும் வெரட்டிட்டு இப்ப விருந்தா?" என்றேன். உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினார்.

அந்நேரம் பார்த்து ஒரு பூனை சுவரோரமாகப் பதுங்கி வந்தது. அம்மா கத்த வாய் திறந்தார், காற்றுதான் வந்தது. சட்டென்று கோழித்தீவன டின்னைக் கவிழ்த்து, விறகுக்கட்டையால் ஓங்கித் தட்டினார். பூனையும் ஓடியது, சிட்டுகளும் பறந்தன. பக்கத்து வீட்டுச் சின்னம்மா வேலியோரம் ஓடிவந்து, "கூப்டீங்களாக்கா?" என்றார்.

அம்மா டின்னைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். ஐயோ, அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

அன்றுமுதல் டின்தான் அவர் குரல். வாசலுக்கும் வந்தார்; தெருவில் போகிறவர்களைத் தட்டி நிறுத்திக் காப்பி குடிக்க வைத்தார். சிட்டுகளும் அந்தச் சத்தத்துக்குப் பழகி, பறந்த வேகத்தில் திரும்பி வந்தன. இந்தக் கார்த்திகையில் ஒருநாள் டின் சத்தமே கேட்கவில்லையே என்று சின்னம்மா வந்து பார்த்தபோது, அம்மா தூக்கத்திலேயே போயிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் துணை வந்தவர்களுக்கும், கஞ்சி காய்ச்சித் தந்தவர்களுக்கும், டின் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். அம்மா தன் வாயால் சொல்ல ஆசைப்பட்ட நன்றி இது.

மார்கழி பிறந்துவிட்டது, கதிர் கட்டியிருக்கிறோம். டின் மரத்தடியில் கவிழ்த்தபடியே இருக்கிறது. நேற்றுக் காலை கிளி கொறித்துப் போட்ட கொய்யாக்காய் ஒன்று அதன்மேல் 'டங்'கென்று விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இதோ வந்துட்டேங்கக்கா!" என்றார் சின்னம்மா.