ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மந்திரிசபை

பிரான்சில் அந்த மந்திரிசபை ஆறு வருஷம் இருந்தது. எங்கள் பெசன்ட் நகர் வீட்டில் ஒன்பது வருஷம்.

புரட்சியெல்லாம் ஓய்ந்தபின் பிரான்சுக்கு மறுபடி ராஜா வந்தார். கூடவே அரசியல் சாசனமும் வந்தது. அப்போது ராஜ விசுவாசிகள் அமைத்த ஒரு மந்திரிசபையைப் பற்றித்தான் என் கணவருக்கு முனைவர் பட்ட ஆராய்ச்சி. அவர் கல்லூரியில் சரித்திரம் எடுக்கிறார்; நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு விடை எழுதி அடிக்கோடு போட்டால்தான் நிம்மதி. அவருக்கு முடிப்பதென்றாலே வேப்பங்காய்.

மந்திரிகளின் படங்களை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். நடுவில் தலைமை மந்திரி, மூக்கால் பேசுவாராம். மாதா கோயிலுக்குப் போகிற வழியிலும், பீச்சில் சுண்டல் தின்னும்போதும் அவர் பேச்சுதான். "ராஜாவைவிட ராஜபக்தி பேசின சொந்தக் கட்சிக்காரங்களே அந்த மனுஷன் காலை வாரிட்டாங்கம்மா" என்பார். என் சித்தப்பாக்களைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது.

போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி அவகாசம் கிடையாது, திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பாக்கி ஒரே அத்தியாயம்: மந்திரிசபை ராஜினாமா. ஞாயிறு பூசை முடிந்து வந்தும் மனிதர் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்பது வருஷம் போச்சு. நாளைக்கு என்ன பண்றதா உத்தேசம்?"

"எழுதிட்டா அவங்க போயிடுவாங்களேம்மா" என்றார். சிரிக்கவில்லை.

திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். இவருக்கு யாரையும் அனுப்பிவைக்கத் தெரியாது. எனக்கு இவரைப் பிடித்துப்போனதும் அதனால்தான். போய்ச் சாப்பாட்டு மேஜையில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இப்ப நான்தான் ராஜா. ராஜினாமாவை எழுதி எங்கிட்ட கொண்டாங்க."

மீன் குழம்பு ஆறிப்போனது. சாயங்காலம் நாலு மணிக்கு லேப்டாப்போடு வந்து, எதிரில் நின்றபடியே வாசித்தார். ராஜாவை வாழ்க என்றவர்களே மந்திரிகளை ஒழிக என்றது, தேர்தலில் தோற்றது, கடைசியில் எல்லோருமாகப் பதவியை ஒப்படைத்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏற்றுக்கொண்டோம் என்று ராஜா சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் நான் கரித்துக்கொட்டிய அந்தத் தலைமை மந்திரி ஃப்ரிட்ஜிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

"வரமாட்டாங்கம்மா. அந்த மனுஷன் அதுக்கப்புறம் மந்திரியாவே ஆகல."

"தெரியும். அதுக்காக, இத்தனை வருஷம் வீட்டுல இருந்தவங்களைப் 'போ'ன்னா சொல்லுவாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை, பைண்ட் பண்ணிய ஆய்வேட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவரிடமும் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொன்னேன். இவர் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.