செக்கர் வீட்டுக்கு வந்த விருந்தாளி

தெருவில் எல்லோரும் அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. கைக்குழந்தைக்காரி, கண் தெரியாதவர், காய்ச்சலில் சுருண்டு கிடப்பவர் என்று யாரையும் விட்டதில்லை. கல்யாணமான புதிதில் சொந்த மாமியாரே அசந்து தூங்கி ஒரு நிறுத்தம் தள்ளி வந்துவிட, அத்தனை பேர் முன்னாலும் அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தவர். அந்தம்மா அதற்கப்புறம் மகள் வீட்டுக்கு வெயிலில் நடந்தே வந்தாள். இந்தக் கதையை அவர் பெருமையாகச் சொல்லத் தொடங்கினால் அவர் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஓய்வு பெற்றதும் அவருக்குக் கை நமநமத்தது. சோதிக்க ஒன்றும் இல்லாமல் ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் சும்மா இருப்பது? அப்போதுதான் சபையின் புத்தக அலமாரியில் அந்தத் தடித்த புத்தகம் அகப்பட்டது. உண்மையான விசுவாசம் எது, போலி எது, தேவ ஆவி எது, வஞ்சிக்கிற ஆவி எது என்று பகுத்தறியக் கற்றுத்தரும் புத்தகம். படிக்கப் படிக்க அவருக்குப் பழைய யூனிஃபார்மை மறுபடி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அதே வகையில் இன்னும் பல வாங்கிக் குவித்தார். எல்லாவற்றையும் பென்சிலும் கையுமாகப் படித்தார். அந்த முதல் புத்தகத்தில் அவர் கோடு போடாத பக்கமே கிடையாது, முதல் அதிகாரத்தைத் தவிர. பகுத்தறிய நினைக்கிறவன் முதலில் தன் இருதயத்தைச் சோதிக்கட்டும் என்று அதில் இருந்தது. அது முன்னுரை மாதிரிதான் என்று புரட்டிக்கொண்டு போய்விட்டார்.

சபையை ஒட்டிய அறையில் மத்தியான வேளைகளில் வாசிப்பு வட்டம் ஒன்றும் தொடங்கினார். முதலில் உட்கார இடம் இல்லாத கூட்டம். ஜெபத்தில் கண்கலங்கிய ஒரு பெண்ணிடம், "அழுகை வருது சரிம்மா, அது எங்கேருந்து வருதுன்னு பார்த்தியா?" என்றார். இறந்துபோன மகனைக் கனவில் பார்த்தேன் என்று சொன்ன தையல்காரரிடம், "அது உங்க மகன் இல்ல. யாருன்னு நான் சொன்னா பயந்துடுவீங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். தையல்காரர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வட்டம் நாலைந்து பேராகச் சுருங்கியது. பதர் பறந்துவிட்டது, கோதுமை நிற்கிறது என்று அவருக்குப் பரம சந்தோஷம்.

அந்த வட்டத்தில்தான் அவருடைய ஒரே மகள் ஒருநாள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, கொஞ்ச நாளா எனக்கு ஜெபமே வரலை. வார்த்தை தொண்டையிலேயே நின்னுடுது. என்ன பண்றதுன்னு தெரியலைப்பா."

உதவி கேட்டுத்தான் சொன்னாள். எந்த மடையனுக்கும் அது புரிந்திருக்கும். இவரோ மந்தைக்குள் புகுந்த ஓநாயைப் பற்றிய பக்கத்தை எடுத்து, அவளையே எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வைத்தார். அன்று சாயங்காலமே அவள் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மனந்திரும்புகிறவரை வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்றார். அவள் எங்கே தங்குகிறாள், என்ன வேலை பார்க்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவள் ஒரு பேக்கரியில் கேக் செய்கிற இடத்தில் சேர்ந்திருந்தாள்.

மறு வருஷமே மனைவி பக்கவாதத்தில் விழுந்தாள். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சு மட்டும் மெதுவாக, மென்று மென்று வரும். படுக்கையோடு படுக்கையாகக் கிடந்த அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். மகளைப் பார்த்துக்கொண்டே சாகவேண்டும். அதற்கு வழியும் இருந்தது. செக்கர் மத்தியானம் வாசிப்பு வட்டத்துக்குக் கிளம்பியதும், மகள் வேலை முடிந்து எதிர்வீட்டு அக்காவிடம் சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறி வருவாள். ஸ்டூலைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குச் சிக்கெடுத்துத் தலை சீவிவிடுவாள். அவர் திரும்புவதற்குள் போய்விடுவாள். தெருவுக்கே தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

ஆனால் செக்கர் செக்கர்தானே. ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தவர் மூக்கை உறிஞ்சினார். வெண்ணெயும் வெனிலாவும் கலந்த இனிப்பு வாசனை. ஸ்டூல் இடம் மாறியிருந்தது. மனைவியின் தலையில் வகிடு நேராக இருந்தது.

"யார் வந்தது?"

உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பூட்டை மாற்றிவிடுவார். யோசிக்க நேரமில்லாமல் அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஆண்டவர்."

செக்கருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரார் தரிசனங்களையெல்லாம் சோதித்தவருக்குச் சொந்த வீட்டிலேயே ஒரு கேஸ்! பென்சிலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. தலை சீவி விட்டார்."

"ஆண்டவருக்கு வேற வேலை இல்லையா? உனக்கு வந்து தலை சீவி விடுவாரா?"

"ஏன்... சீவக்கூடாதா?" என்று கேட்டாள் அவள்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். வஞ்சிக்கிற ஆவி நறுமணத்தோடு வரும், ஆறுதல் தரும், பலவீனர்களைத் தேடி வரும் என்று இருந்தது. மூன்றும் பொருந்தின. மறுநாளிலிருந்து வாசிப்பு வட்டம் நின்றது. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கட்டில் பக்கத்தில் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

மகள் வந்தாள். மாடிப்படியில் ஏறி வரும் காலடி கட்டிலில் கிடந்தவளுக்குக் கேட்டது. கதவுக்கு வெளியே அது நின்றது. அப்பாவின் குரலைக் கேட்டு மெல்ல இறங்கிப் போயிற்று.

செக்கருக்கும் கேட்டது. முகமெல்லாம் பிரகாசம்.

"கேட்டியா? வாசிக்க ஆரம்பிச்சதும் எப்படி ஓடுது பார்!"

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். காலடி வரும், நிற்கும், போகும். அவர் இன்னும் குரலை உயர்த்துவார். இவர் என்றைக்காவது சலித்துப்போய்ப் பழையபடி வெளியே கிளம்புவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சலிக்கிற ஆளில்லை. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை.

அவள் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே வந்தாள். இனிமேல் மறைப்பதில் பிரயோஜனமில்லை என்று ஒருநாள் அவளுக்கே புரிந்துவிட்டது. காலடி படியில் கேட்டதும் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க... கதவைத் தொறங்க. அது நம்ம பொண்ணுங்க. நான்தான் பொய் சொன்னேன். நம்ம பொண்ணுதாங்க தினமும் வந்தா."

செக்கர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். நிஜமாகவே பரிதாபப்பட்டார், அதுதான் கொடுமை. புத்தகத்தில் கோடு போட்ட ஓர் இடத்தை விரலால் தேடிப் பிடித்தார்.

"இதையும் எழுதியிருக்கான் பார். பிடிபட்டதும் நமக்குப் பிரியமானவங்க உருவத்தை எடுக்குமாம். உன்னை எந்த அளவுக்கு ஏமாத்தியிருக்கு பாரு."

"ஐயோ... நம்ம பொண்ணுங்க..."

"பயப்படாதே. நான் இருக்கேன்ல?" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

அவள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தாள். அந்தப் பாழாய்ப்போன வாயில் காற்றுதான் வந்தது. அவர் குரல் அதையும் மூடிவிட்டது. காலடி இறங்கிப் போனது. அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், அவர் ஓர் அதிகாரத்தை வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் போய்ச் சேர்ந்திருந்தாள். எந்தப் பத்தியில் போனாள் என்று அவருக்குத் தெரியாது.

அடக்க ஆராதனையில் செக்கர் எழுந்து சாட்சி சொன்னார். மனைவியின் கடைசி நாட்களில் வீட்டுக்குள் நுழையப் பார்த்த சத்துருவை, கட்டிலை விட்டு அகலாமல் உட்கார்ந்து தான் துரத்திய விதத்தை விளக்கமாகச் சொன்னார். கடைசி பெஞ்சில் எதிர்வீட்டு அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள்.

சாட்சி முடிந்ததும் மகள் எழுந்து சவப்பெட்டியருகே வந்தாள். பையிலிருந்து சீப்பை எடுத்துக் குனிந்து, கலைந்திருந்த அம்மாவின் முன்மயிரை ஒதுக்கிச் சீவினாள்.

வெண்ணெய், வெனிலா.

பக்கத்தில் நின்ற செக்கருக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியது. நேராக எடுக்கப்படும் வகிட்டைப் பார்த்தார். சோதித்துப் பழகிய மூளைக்கு மிச்சத்தைக் கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"படியிலேயே நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்பா" என்றாள் மகள், அவரைப் பார்க்காமலே. "நல்லா சத்தமாத்தான் படிச்சீங்க."

அந்த ஒரு நிமிஷம் அவர் அவள் கையைப் பிடித்திருக்கலாம். ஒன்றும் பேசாமல் அழுதிருந்தால்கூடப் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதை விட்டால் தான் துரத்தியது யாரை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அந்தச் சாட்சியை, அந்த மத்தியானங்களை, பென்சில் கோடுகளை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். விழுங்கிவிட்டார். அவருக்குள்ளிருந்து பழைய செக்கர்தான் எழுந்து நின்றார்.

அடக்கம் முடிந்ததும் பாஸ்டர் கல்லறை விஷயமாகப் பேச வந்தார். மகள் சற்றுத் தள்ளி, காதில் விழுகிற தூரத்தில் நின்றிருந்தாள்.

"பேருக்குக் கீழே, கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்னு போட்டுடலாமா?"

"வேண்டாம் பாஸ்டர்."

"ஏன் ஐயா?"

"கடைசிக் காலத்துல ஆண்டவர் பேரைச் சொல்லி என்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கா. இப்பதான் கண்டுபிடிச்சேன்" என்றார் செக்கர். "பேரும் தேதியும் போதும்."